குழாய்க்கு ஷூ தைத்தவன்

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு மார்கழி மாதம், வெள்ளிக்கிழமை காலை ஏழே கால் மணி. ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில், ஜன்னலோரம் சாய்ந்து தூங்க முயன்றுகொண்டிருந்த ஒரு மனிதரை நான் தூங்கவிடாமல் பேசிக் கெடுத்தேன். என் வாழ்நாளில் நான் செய்த உருப்படியான காரியம் எது என்று யாராவது கேட்டால், இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். வேறு எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் இன்ஸ்பெக்டர். தோல் பதனிடும் டேனரியிலிருந்து வண்டியில் வந்து இறங்கும் தோலில் குறை கண்டுபிடிப்பது என் உத்தியோகம். இருபத்து நாலு வருடமாகக் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். அந்தத் திறமையை என் மேலேயே உபயோகித்துப் பார்த்ததில்லை. அதை என் மனைவி சம்பளம் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் வேலையில் ஒரு சின்னச் சோதனை உண்டு. வந்த தோலில் ஒரு துண்டை வெட்டி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு இரண்டு மூன்று நிமிஷம் வைப்போம். எடுத்து அளந்து பார்ப்போம். சுருங்காமல் இருந்தால் சரி. அப்பளம் போலச் சுருண்டால் ஷூவின் மேல்பக்கத் தோலுக்கு ஆகாது, திருப்பி அனுப்பு. ஷூவின் உள்பக்கம் போடும் சில லைனிங் தோல்களுக்கு மட்டும் இந்தச் சோதனை கிடையாது. அவை மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டவை. தொட்டால் பட்டு மாதிரி இருக்கும், கொதிநீரில் போட்டால் சுருண்டுவிடும் என்று எங்கள் ஸ்டோரில் தரை கூட்டுகிற அம்மாவுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

அந்த வருடம் என் மகள் பிரசவத்துக்குப் பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். முதல் குழந்தை. கீழே ஒரு ஹால், ஒரு படுக்கையறை. ஹாலில் டிவி, படுக்கையறையில் என் குறட்டை. அவள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவள், அமைதி வேண்டும் என்றாள். மொட்டை மாடியில் மூன்று பக்கம் செங்கல் சுவரும் மேலே ஷீட்டுமாக ஒரு பழைய ஷெட் இருந்தது. நாலாவது பக்கம் திறந்த வெளி. அதை அடைத்தால் ஓர் அறையும் ஒரு பாத்ரூமும் கிடைக்கும். அந்த இடத்தில் கீழே பீம் இல்லை, செங்கல் பாரம் தாங்காது என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் வீட்டில் எல்லாத் துன்பங்களும் இந்த வாக்கியத்தில்தான் ஆரம்பிக்கும்.

எங்கள் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து மெஷின் வரும்போது பெரிய பெரிய பெட்டிகளில் வரும். பைன் மரம், காய்ந்து சக்கையாக இருக்கும். மெஷினை இறக்கியதும் பெட்டி மரத்தை ஊழியர்களுக்கே கொடுத்துவிடுவார்கள். எங்கள் ஊரில் பாதி வீடுகளில் கோழிக்கூண்டு, அலமாரி, படி எல்லாம் இத்தாலி மரம்தான். நான் அதில் சட்டம் அடித்து, இரண்டு பக்கமும் பிளைவுட் அறைந்து ஒரு சுவரே எழுப்பினேன். அறைக்கும் பாத்ரூமுக்கும் சேர்த்து ஒரே நீளமாக ஓடுகிற சுவர். நடுவில் நாலு அங்குலம் காலி. தட்டினால் மேளம் மாதிரி சத்தம் வரும்.

“இத்தாலி மரம்” என்று பார்த்தவர்களிடம் எல்லாம் சொன்னேன்.

“மனுஷன் மட்டும்தான் லோக்கல்” என்றாள் மனைவி.

அடுத்தது வெந்நீர். மாடிக்குப் போன ஒயர் மெல்லியது, கரண்ட் ஹீட்டர் தாங்காது. ஆகவே சிலிண்டரில் எரியும் கேஸ் கீசர். தலையில் புகைபோக்கி வாய் வைத்த மாடலாகப் பார்த்து வாங்கினேன். எரிந்த காற்று குழாய் வழியாக வெளியே போய்விட வேண்டும். அதாவது என் இத்தாலிச் சுவரைத் துளைத்துக்கொண்டு போக வேண்டும்.

மாட்ட வந்த மெக்கானிக் சுவரைத் தட்டிப் பார்த்தார். “சார், மரச் சுவர்ல சூட்டுக் குழாய் விடாதீங்க. கீசரையே வெளியில மாட்டிடலாம். தண்ணிக் குழாய் மட்டும் உள்ள வரட்டும்.”

“மழையில் நனையாதா?”

“மேல ஒரு தகரம் அடிச்சிட்டா போச்சு.”

நூறு இடத்தில் மாட்டியவர் ஒரு தகரத்தில் முடித்துவிட்டார். நான்தான் புத்தகம் படிக்கிறவன் ஆயிற்றே. “அமெரிக்காவில் வீடே மரத்தில்தான் கட்டுகிறார்கள். அங்கெல்லாம் குழாய் போகவில்லையா?” என்றேன்.

“அப்ப அங்கேர்ந்தே ஆளைக் கூப்ட்டுக்கோங்க சார்” என்று சொல்லி, கேஸையும் தண்ணீரையும் இணைத்துவிட்டு, துளை போடாமலே போய்விட்டார்.

கீசரோடு வந்த சின்னப் புத்தகத்தை இரவெல்லாம் படித்தேன் என்று சொல்ல ஆசை. பாதி படித்தேன். எனக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் புத்தகத்திலும் பாதி தாண்டியதும், மீதியை நானே எழுதியிருக்கலாமே என்று தோன்ற ஆரம்பித்துவிடும். குழாய் மரத்தைத் தொடக் கூடாது என்கிற இடம் வரை வந்திருந்தேன். குழாயைச் சுற்றி எரியாத உறை வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. மூடி வைத்துவிட்டு யோசித்தேன். எரியாதது எது? தீப்பொறி பறக்கிற இடத்தில் வெல்டர் எதைக் கையில் மாட்டிக்கொள்கிறார்? தோல்.

அவ்வளவுதான். மறுநாள் கம்பெனி ஸ்டோரில் கழிவுத் துண்டுகளில் ஒரு நல்ல லைனிங் தோலாகத் தேடி எடுத்தேன். இரண்டு மடிப்பு வைத்து, சொல்யூஷன் போட்டு ஒட்டி, எங்கள் தையல் பிரிவு மெஷினில் நானே உட்கார்ந்து தைத்தேன். ஒரு அங்குலத்துக்கு எட்டுத் தையல், ஓரம் மடித்து, இரட்டை வரிசை. சுவரில் துளையையும் நானே போட்டேன். கீசர் குழாய் கொஞ்சம் நீளம் பற்றவில்லை, இன்னொரு துண்டைச் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த ஜாயிண்ட் வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று அதைச் சுவரின் காலி இடத்துக்குள் வரும்படி வைத்து, அதன் மேல் என் தோல் உறையை இழுத்து மாட்டினேன். கிண்ணென்று பிடித்துக்கொண்டது. கொசு வரக் கூடாது, குளிர் வரக் கூடாது என்று பாத்ரூமின் சின்ன ஜன்னலையும் தெர்மோகோல் வைத்து அடைத்தேன்.

மகள் வந்து பார்த்தாள். “அப்பா, குழாய்க்கு ஷூ போட்டு விட்டிருக்கீங்க. லேஸ் எங்க?”

“எங்க கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ அக்கறையா ஒரு ஜோடி செருப்பு வாங்கல உங்கப்பா” என்றாள் மனைவி.

நான் இரண்டையும் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

முதல் வாரம் ஒன்றும் இல்லை. அப்புறம் மகளுக்குத் தலைவலி வர ஆரம்பித்தது. காலையில் குளித்துவிட்டு அறைக்குள் போய் உட்கார்ந்தால் நெற்றியைப் பிடிக்கும், குமட்டும். மாசமாக இருக்கிற பெண்ணுக்குக் குமட்டினால் யார் என்ன நினைப்பார்கள்? பத்தியம் சரியில்லை என்றாள் மனைவி. எதிர் வீட்டு அம்மா திருஷ்டி என்று மிளகாய் சுற்றிப் போட்டார். நான் செல்போனை ஜாஸ்தி பார்க்கிறாள் என்றேன்.

மகள் ஒருநாள் சொன்னாள், “அப்பா, ரூம்ல சுவிட்ச் போர்டு வேர்க்குது.”

தொட்டுப் பார்த்தேன். ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது. “மார்கழிப் பனி” என்றேன்.

இன்னொரு நாள் மனைவி சொன்னாள், “மாடியில தோல் கருகுற மாதிரி வாடை வருதுங்க.”

“ஆம்பூர்ல தோல் வாடை வராம மல்லிப்பூ வாடையா வரும்?” என்று கேட்டு நானே சிரித்துக்கொண்டேன். இருபத்து நாலு வருடத் தோல் வாடையில் என் மூக்கு எப்போதோ ரிட்டையர் ஆகிவிட்டது. அதை நான் நம்பியிருக்கவும் கூடாது.

டாக்டர் பிபி பார்த்தார், சரியாக இருந்தது. வேலூரில் ஒரு லேபில் ரத்தம் கொடுத்தோம். அந்த ரிப்போர்ட்டை வாங்கத்தான் அந்த வெள்ளிக்கிழமை நான் கிளம்பினேன். கிளம்பும்போது மகள் மாடிப்படியில் துண்டோடு நின்றாள். தலைக்கு ஊற்றிக் குளிக்கிற நாள்.

“இன்னிக்கும் வலிக்குதாம்மா?”

“லேசா.”

“நல்லா சுடச் சுட வெந்நி ஊத்திக் குளி. மெதுவா, அரை மணி நேரம் குளி. வலியெல்லாம் போய்டும்.”

இந்த வாக்கியத்தை நான் சொன்னேன். இப்போதும் மாடிப்படியில் ஏறினால் மூன்றாவது படியில் இது கேட்கிறது.

பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். கையில் பழைய தீக்காயத் தழும்பு, மடியில் காலி டிபன் பாக்ஸ். ஒரு டேனரியில் பாய்லர் பார்க்கிறவராம், இரவு ஷிப்ட் முடித்து விரிஞ்சிபுரம் வீட்டுக்குத் திரும்புகிறாராம். இதை அவர் சொன்னது, நான் கேட்ட ஏழு கேள்விகளுக்கு அரைக் கண்ணைத் திறந்து. ஒவ்வொரு பஸ்ஸிலும் இப்படி ஒரு பேஜார் ஆசாமி இருப்பான். அன்றைக்கு அது நான்.

பாய்லர் என்றதும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. தொழில் தெரிந்தவர், என் வேலைப்பாட்டை ரசிப்பார். லேப் சீட்டின் பின்பக்கம் படமே போட்டேன். இது சுவர், இது இத்தாலி மரம், இது கேஸ் கீசர், இது வெளியே வைத்த சிலிண்டர், இது குழாய், இது நான் தைத்த தோல்.

அவர் கண்ணை மூடியபடியே கேட்டார், “ஜாயிண்ட் எங்க வருது?”

“சுவத்துக்குள்ள. வெளியில தெரியவே தெரியாது.”

ஒரு கண் திறந்தது. “அது மேல தோலா?”

“இரட்டைத் தையல்.”

“அந்த பாத்ரூம்ல யார் சார் குளிக்கிறாங்க?”

“என் பொண்ணு. பிரசவத்துக்கு வந்திருக்கா.”

இரண்டாவது கண்ணும் திறந்தது. “உடம்பு எப்படி இருக்குது?”

“பத்து நாளா தலைவலி. அதுக்குத்தான் ரிப்போர்ட் வாங்கப் போறேன்.”

“கீழ வந்தா வலிக்குதா?”

இந்தக் கேள்வியை வீட்டில் யாரும் கேட்டதில்லை. நான் யோசித்தேன். மத்தியானம் கீழே சாப்பிட வந்தால் சிரித்துப் பேசுவாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் நன்றாக இருப்பாள், டாக்டரே அவளைக் கிண்டல் செய்தார். “கீழ வந்தா சரியாய்டுது” என்றேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இப்ப எங்க இருக்காங்க?”

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு முப்பத்தஞ்சு. “குளிச்சிட்டிருப்பா.”

“போன் போடு சார்” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, குரலை இறக்கி, “உடனே போடு” என்றார்.

மகளுக்குப் போட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மனைவிக்குப் போட்டேன். அதுவும் ஓய்ந்தது. அந்த நேரத்தில் அவள் சமையல்கட்டில் மிக்சி ஓட்டிக்கொண்டிருப்பாள், போன் ஹாலில் சார்ஜில் கிடக்கும். மறுபடி மகள். மறுபடி மனைவி. பஸ் என்னமோ என்னை வீட்டிலிருந்து தூரத் தூரக் கொண்டுபோய்க்கொண்டே இருந்தது. அதற்கு என்ன தெரியும்.

“பக்கத்து வீட்ல யாரு?” என்றார் அவர்.

பக்கத்து வீட்டில் ஒரு பாய் இருக்கிறார். செருப்புக்கடை வைத்திருப்பவர், பதினெட்டு வருடப் பழக்கம். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

“பாய், எங்க மாடிக்கு ஓடுங்க. பொண்ணு பாத்ரூம்ல இருக்கா. கதவைத் தட்டுங்க. தொறக்கலைன்னா உடைங்க.”

“சார், பொண்ணு குளிக்கிற எடத்துல நான் எப்படி சார்...”

பாய்லர்காரர் என் கையிலிருந்து போனை வாங்கினார். “பாய், உங்க வீட்டம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. கையில ஒரு போர்வை எடுத்துக்கோங்க. உள்ள கேஸ் புகை. முதல்ல சிலிண்டரை மூடுங்க, அப்புறம் கதவு. வெளியில காத்துல கொண்டாந்து படுக்க வைங்க.”

பாய் “வெச்சிடுறேன்” என்றார். வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் போன் எடுக்கவில்லை.

மாதனூரில் இறங்கினோம். நான் இறங்கினேன் என்றுதான் எழுத வேண்டும், ஆனால் திரும்பிப் பார்த்தால் அவரும் டிபன் பாக்ஸோடு இறங்கியிருந்தார். ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்றோம். ஆம்பூர் பக்கம் போகும் பஸ் ஒன்றும் காணோம். வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஒரு கம்பெனி பஸ் வந்தது. எங்கள் கம்பெனி அல்ல, போட்டிக் கம்பெனி. கையைக் காட்டினேன், நடு ரோட்டிலேயே நின்றேன். டிரைவர் திட்டிக்கொண்டே நிறுத்தினார்.

உள்ளே முழுக்கப் பெண்கள். பனியன் துணி ஸ்கார்ஃப் கட்டின ஓர் அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார், முன்பு எங்கள் கம்பெனியில் இருந்தவராம். “இன்னா சார், எங்க கம்பெனிக்கு மாறிட்டீங்களா?” என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். பாய்லர்காரர் இரண்டு வரியில் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பஸ் மெதுவாகப் போகும் என்று தோன்றியது.

“எத்தனை மாசம் சார்?” என்று கேட்டார்.

“ஒம்பது தொடங்கிருக்கு.”

ஐம்பது பெண்கள் பேசாமல் போகிற கம்பெனி பஸ்ஸை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. டிரைவர் வழியில் இரண்டு நிறுத்தங்களில் கையை ஆட்டி ஆட்களை விட்டுவிட்டு ஓட்டினார். நான் போனைக் காதில் வைப்பதும் எடுப்பதுமாக, கம்பியை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னென்னவோ கணக்கு ஓடியது. அரை மணி நேரம் குளி என்றேனே. ஏழே காலுக்குப் போயிருப்பாளா, ஏழு மணிக்கேவா? நான் செருப்பு மாட்டும்போதே தண்ணீர் சத்தம் கேட்டதா?

எட்டு மணிக்குப் பாய் பேசினார். மூச்சு வாங்கியது. “வெளிய கொண்டாந்துட்டோம் சார். கண்ணு முழிக்கிறா. ஆட்டோல ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

அந்த அம்மா கொடுத்த சீட்டில் அப்போதுதான் உட்கார்ந்தேன்.

“பாய்கிட்ட சொல்லு சார்,” என்றார் பாய்லர்காரர், “டாக்டர்கிட்ட வெறும் மயக்கம்னு சொல்லக் கூடாது. கேஸ் புகைன்னு சொல்லணும். அப்பதான் ஆக்சிஜன் வைப்பாங்க.” நான் சொன்னேன்.

நடந்ததைப் பிறகு பாயின் மனைவி சொன்னார். தட்டினபோது உள்ளேயிருந்து “வர்றேன், வர்றேன்” என்று குரல் மட்டும் வந்ததாம். தாழ்ப்பாளைத் திறக்கக் கை வரவில்லை. பாய் கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஓர் உதை விட்டார். நான் இத்தாலி மரத்தில் முடுக்கியிருந்த தாழ்ப்பாள், நான்கு திருகாணிகளோடு அப்படியே பிய்ந்து விழுந்தது. ஒழுங்கான ஒரு தச்சர் போட்டிருந்தால் அந்தக் கதவு அவ்வளவு சீக்கிரம் திறந்திருக்காது. என் கைவேலைகளில் அன்று ஒருவருக்கு உபயோகப்பட்டது அது ஒன்றுதான். பாய் உடனே முதுகைத் திருப்பிக்கொண்டார். சத்தம் கேட்டு ஓடி வந்த என் மனைவியும் பாயின் மனைவியும் போர்வையைச் சுற்றி மகளை வெளியே இழுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் முகமூடி மாதிரி ஒன்றைப் போட்டு ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். நான் போனபோது ஒரு நர்ஸ் வயிற்றில் கருவியை வைத்து நகர்த்திக்கொண்டிருந்தார். கரகரவென்று சத்தம் மட்டும். இந்தப் பக்கம் நகர்த்தினார், அந்தப் பக்கம் நகர்த்தினார். என் மனைவி என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். அப்புறம் வந்தது, குதிரை ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். “இருக்கு” என்றார் நர்ஸ், சாதாரணமாக. என் மனைவி என் சட்டைக் கையை விட்டுவிட்டு, அதே கையால் என் முதுகில் ஓர் அடி வைத்தாள். நான் வாங்கிக்கொண்டேன்.

அன்று பகல் முழுக்க டாக்டர் ஆக்சிஜனை எடுக்கவிடவில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அந்தக் குதிரைச் சத்தத்தைக் கேட்டார்கள். நான் வராந்தாவில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தேன். டீ வாங்கினேன், குடிக்காமல் வைத்தேன். சுவரில் இருந்த எல்லா அறிவிப்புகளையும் கடைசி வரி வரை படித்தேன். வாழ்நாளில் முதல் முறையாக.

சாயங்காலம் ஐந்து மணிக்குத் துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். மாடியில் சத்தம் கேட்டது. ஏறிப் பார்த்தால், பாய்லர்காரர்.

காலையில் பஸ் ஸ்டாண்டிலேயே அவரை மறந்துவிட்டு ஆட்டோவில் ஏறியவன் நான். நன்றி சொன்னேனா என்பதுகூட ஞாபகம் இல்லை. அவர் செருப்புக்கடை பாய் வீடு எது என்று விசாரித்து வந்திருக்கிறார். கீசரைக் கழற்றித் தரையில் வைத்திருந்தார். சுவரில் ஒரு பிளைவுட் பலகையைப் பெயர்த்திருந்தார். ராத்திரி ஷிப்ட் பார்த்த மனிதர், இன்னும் தூங்கவில்லை.

“யாராவது வந்து தெரியாம இதைப் பத்த வெச்சிடுவாங்கன்னு உக்காந்துட்டேன்” என்றார். “பொண்ணு எப்படி இருக்குது?”

சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, “இங்க பாரு சார்” என்று சுவருக்குள் டார்ச் அடித்தார்.

என் இரட்டைத் தையல் உறை சுருண்டு, கருகி, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தொங்கியது. எரிந்த காற்றில் நீராவியும் இருக்குமாம். ஆவியும் சூடும் பட்டுத் தோல் சுருங்க, அது பிடித்துக்கொண்டிருந்த குழாயை ஜாயிண்ட்டிலிருந்து இழுத்து இரண்டு விரல் இடைவெளி விட்டிருந்தது. பத்து நாளாகப் புகையெல்லாம் வெளியே போகாமல் சுவரின் காலி இடத்துக்குள் போய், ஒரு பக்கம் பாத்ரூமிலும், மறுபக்கம் சுவிட்ச் போர்டு ஓட்டை வழியாக அறையிலும் வந்திருக்கிறது. குழாயை ஒட்டியிருந்த சட்டம் கரிக்கட்டையாகக் கறுத்திருந்தது. “இன்னும் ஒரு மாசம் போயிருந்தா மரமே பத்திருக்கும்” என்றார். “உங்க பொண்ணு அதுவரைக்கும் தாங்கியிருக்காது.”

நான் அந்தத் தோலைக் கையில் வாங்கிப் பார்த்தேன். எடுத்த அளவில் பாதிதான் இருந்தது. இருபத்து நாலு வருடமாக நான் பாத்திரத்தில் போட்டுப் பார்க்கிற அதே சோதனை. இந்த முறை பாத்திரத்துக்குள் என் மகளை உட்கார வைத்திருந்தேன்.

அவர் குனிந்து பார்த்து, “தையல் நல்லா இருக்குது சார்” என்றார். கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையாகத்தான் சொன்னார். ஒரு தையல்கூட விட்டிருக்கவில்லை.

பிறகு எப்படிச் செய்திருக்க வேண்டும் என்று காட்டினார். மரத்தில் துளை பெரிதாக இருக்க வேண்டும், அதில் தகர உறை, அதற்கும் குழாய்க்கும் நடுவில் நாலு பக்கமும் இடைவெளி. சுவருக்குள் ஜாயிண்ட்டே கூடாது, ஒரே குழாய். வெளிப்பக்கம் கொஞ்சம் சரிவு, வாய் ஜன்னல் பக்கம் இருக்கக் கூடாது. அடைத்து வைத்த தெர்மோகோலைக் காட்டி, “நெருப்புக்கும் மூச்சு வேணும் சார், மனுசனுக்கும் வேணும். ரெண்டுக்கும் இதுதான் மூக்கு, அதை அடைச்சிட்டீங்க” என்றார். “இவ்வளவு பேஜார் எதுக்கு? வெளியில மாட்டி மேல ஒரு தகரம் அடிங்க.”

மெக்கானிக் சொன்ன அதே தகரம். புத்தகத்தின் மறுபாதியைப் பிறகு படித்துப் பார்த்தேன். எல்லாம் இருந்தது, படத்தோடு.

“பஸ்ல நீங்க எப்படி இவ்ளோ சீக்கிரம் புரிஞ்சுகிட்டீங்க?” என்று கேட்டேன்.

“எங்க பாய்லர் ரூம்ல ஒருத்தர் இருந்தார் சார். என் தோஸ்த். ஒருநாள் புகைபோக்கி அடைச்சிருந்தது, தெரியல. உக்காந்த வாக்குல சுவத்துல சாஞ்சிருந்தார். தூங்குறார்னு பக்கத்துல டீ வெச்சிட்டுப் போய்ட்டேன். திரும்பி வந்து பாத்தா டீ அப்படியே ஆடை கட்டியிருந்தது.” டார்ச்சை அணைத்தார். “அவருக்கும் பத்து நாளா தலைவலி. நாங்க கிண்டல் பண்ணிட்டிருந்தோம்.”

சாப்பிட்டுப் போகச் சொன்னேன். மறுபடி ஷிப்ட் இருக்கிறது, ஒரு மணி நேரமாவது தூங்க வேண்டும் என்று டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானாகவே ஒருவரின் தூக்கத்தை இரண்டாம் முறை கெடுக்க விரும்பாமல் விட்டுவிட்டேன். அதன் பிறகு அந்த ஏழே கால் பஸ்ஸில் பல நாள் ஏறிப் பார்த்தேன். ஷிப்ட் மாறியிருக்க வேண்டும், கண்ணில் படவே இல்லை.

மூன்று வாரம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. நுரையீரலைப் பற்றி யாரும் சந்தேகப்படத் தேவையில்லாத அளவுக்கு அழுதது. கீசர் இப்போது வெளியே, தகரத்தின் கீழே, மழையில் நனையாமல் எரிகிறது. பாத்ரூம் ஜன்னலில் கொசுவலை மட்டும்தான். அந்தச் சுருண்ட தோலை எங்கள் ஸ்டோரில் என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எடுத்துப் பார்த்து, “தையல் நல்லா இருக்கு, இன்னா சார் இது?” என்று கேட்பார்கள். “ரிஜெக்ட்” என்று மட்டும் சொல்வேன்.

இப்போதெல்லாம் வீட்டில் யாராவது தலை வலிக்கிறது என்று சொன்னால் நான் காரணம் சொல்வதில்லை; எழுந்து போய் முதலில் ஜன்னலைத் திறக்கிறேன், கீழே வந்தால் வலிக்கிறதா என்று கேட்கிறேன், பதில் வரும்வரை அங்கேயே நிற்கிறேன்.